ஐந்து சதவீதக் கையொப்பம்

பெரு நாட்டின் வடக்கு மலைகளுக்கிடையே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கஹமார்கா நகரம். அங்கே பயணிகளுக்குக் காட்டப்படும் பழைய கல் அறை ஒன்று உண்டு. 1532 நவம்பரில் இந்நகரில் ஸ்பானியத் தளபதி பிஸாரோவிடம் சிறைப்பட்ட இன்கா அரசன் அதஹுவால்பா, தன் விடுதலைக்கு ஈடாக ஓர் அறையை ஒருமுறை பொன்னாலும் இருமுறை வெள்ளியாலும் நிரப்பித் தருவதாக வாக்களித்தான். அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் அறை இது. பொன் வந்தது, உருக்கப்பட்டது, பங்கிடப்பட்டது. 1533இல் அரசன் கொல்லப்பட்டான்.

இந்தக் கதையைப் பலரும் அறிவோம். அதிகம் கவனிக்கப்படாத செய்தி ஒன்று அதில் உண்டு. அந்தப் பங்கீடு முறையாகப் பதிவு செய்யப்பட்டது. யாருக்கு எவ்வளவு என்று எழுத்தர் எழுதினார். ஸ்பானிய மன்னருக்குரிய ஐந்தில் ஒரு பங்கு தனியே எடுத்து வைக்கப்பட்டது. மன்னரின் பங்கு பிரிக்கப்பட்ட கணத்திலேயே கொள்ளை வருவாயாகிவிடுகிறது. எஞ்சிய நான்கு பங்குக்கும் சட்டத்தின் நிழல் கிடைத்துவிடுகிறது.

நானூற்று அறுபது ஆண்டுகள் கழித்து, அதே நகரத்திற்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், வேறொரு பொன் கணக்கு தொடங்கியது. அதிலும் ஒரு சிறு பங்கு, மற்றப் பங்குகளுக்கெல்லாம் நிழல் தரும் பங்கு, இருந்தது. இக்கட்டுரை அந்தச் சிறு பங்கைப் பற்றியது.

*

யனகோச்சா என்றால் கெச்சுவா மொழியில் கரிய ஏரி என்று பொருள். அந்த ஏரி இன்று இல்லை. பெயரை மட்டும் சுரங்கம் எடுத்துக்கொண்டது. 1993இல் உற்பத்தி தொடங்கிய இச்சுரங்கம் பின்னர் தென் அமெரிக்காவின் மிகப் பெரிய தங்கச் சுரங்கமாக வளர்ந்தது. 2005ஆம் ஆண்டில் மட்டும் முப்பது இலட்சம் அவுன்சுக்கு மேல் பொன் தந்தது. இங்கே பொன் கட்டியாகக் கிடைப்பதில்லை. ஒரு டன் பாறைக்கு ஏறத்தாழ ஒரு கிராம் என்ற அளவில், கண்ணுக்குத் தெரியாத துகளாகப் பரவியிருக்கிறது. மலையை வெடிவைத்து உடைத்து, உடைத்த பாறையை விரிப்புகளின் மேல் குன்றாகக் குவித்து, நீர்த்த சயனைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டுப் பொன்னைக் கரைத்து எடுக்கிறார்கள். ஆகவே இத்தொழிலுக்கு இரண்டு பொருள்கள் ஏராளமாக வேண்டும். ஒன்று மலை, மற்றது நீர். கீழே உழவர்களும் பால்மாடு வளர்ப்போரும் நம்பியிருப்பதும் இந்த இரண்டையும்தான்.

நீண்ட வழக்குகளுக்குப் பின் சுரங்கத்தின் உடைமை இவ்வாறு அமைந்தது: அமெரிக்காவின் நியூமாண்ட் நிறுவனத்துக்கு 51.35 சதவீதம், பெருவின் புவெனவெந்தூரா நிறுவனத்துக்கு 43.65 சதவீதம், எஞ்சிய 5 சதவீதம், உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்துக்கு.

வறுமையை ஒழிப்பதைத் தன் நோக்கமாக அறிவித்துக்கொண்ட ஒரு நிறுவனத்திற்குத் தங்கச் சுரங்கத்தில் என்ன வேலை? இக்கேள்வியைக் கோபத்தோடு கேட்பது எளிது. அதன் விடையைப் பொறுமையாகப் புரிந்துகொள்வதே நமக்குப் பயன்தரும் என்று கருதுகிறேன்.

1990களின் தொடக்கத்தில் பெரு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கலாம். கட்டுக்கடங்காத பணவீக்கம் அப்போதுதான் தணிந்திருந்தது. ஒளிரும் பாதை இயக்கத்தின் போர் நாட்டைச் சிதைத்திருந்தது. அதன் தலைவர் பிடிபட்டதே 1992 செப்டம்பரில்தான். அதே ஆண்டு ஏப்ரலில் அதிபர் ஃபுஜிமோரி நாடாளுமன்றத்தைக் கலைத்திருந்தார். அத்தகைய நாட்டில் நீண்டகாலக் கடன் தர எந்த வணிக வங்கி முன்வரும்? அரசு மாறினால் சுரங்கம் பறிக்கப்படலாம். டாலரை வெளியே எடுத்துச் செல்லத் தடை வரலாம்.

வளர்ச்சி வங்கி நுழையும் இடம் இது. 1956இல் தொடங்கப்பட்ட சர்வதேச நிதிக் கழகம் அரசுகளுக்குக் கடன் தருவதில்லை. தனியார் நிறுவனங்களுக்குக் கடன் தருகிறது, அவற்றில் பங்கு எடுக்கிறது. அதன் கடனில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று தன் சொந்தப் பணத்திலிருந்து தருவது. மற்றது வணிக வங்கிகளின் பணத்தைத் தன் பெயரில் தருவது. இரண்டாவதுதான் சூட்சுமம். ஆவணத்தில் கடன் கொடுத்தவர் கழகம். பணமோ பல தனியார் வங்கிகளுடையது. உலக வங்கிக் குழுமத்துக்குச் சேர வேண்டிய தவணைக்குக் கடன்பட்ட நாடு தடை போடுவதில்லை என்பது நீண்ட நாள் வழக்கம். போட்டால் நாளை அந்நாட்டுக்கே கடன் கிடைக்காது. ஆகவே அக்கழகத்தின் பெயருக்குப் பின்னால் நிற்கும் தனியார் வங்கிகளுக்கும் அதே காப்பு கிடைக்கிறது.

அதே குழுமத்தில் பலதரப்பு முதலீட்டு உத்தரவாத முகமை என்றொரு அங்கமும் உண்டு. போர், பறிமுதல், நாணயத் தடை போன்ற அரசியல் ஆபத்துகளுக்கு அது காப்பீடு தருகிறது. இன்னொரு பக்கம், உலக வங்கி அரசுகளுக்குச் சட்ட ஆலோசனை தருகிறது. 1990களில் அதன் ஆலோசனையோடும் தொழில்நுட்ப உதவிக் கடன்களோடும் பல நாடுகள் தங்கள் சுரங்கச் சட்டங்களை அந்நிய முதலீட்டுக்கு இணக்கமாகத் திருத்தி எழுதின. பெருவும் அவற்றுள் ஒன்று. சட்டம் எழுத உதவுவது, கடன் தருவது, காப்பீடு செய்வது, பங்காளியாவது என நான்கு வேலைகளும் ஒரே கூரையின் கீழ்.

எனவே, வளர்ச்சி வங்கி சுரங்கத்துக்குத் தரும் முதன்மையான பொருள் பணம் என்று நினைப்பது பிழை. பணம் எங்கும் கிடைக்கும். அது தருவது தன் பெயரை. அந்தக் கையொப்பம் விழுந்தபின் மற்றவர்களின் பணம் அச்சமின்றி வருகிறது. 5 சதவீதம் என்ற எண் அதன் இலாபப் பங்கைச் சொல்லலாம். அதன் பொறுப்பின் அளவைச் சொல்வதில்லை.

*

2000ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள். யனகோச்சாவின் பாறையில் பொன்னோடு பாதரசமும் கிடைக்கிறது. அதைப் பிரித்து விற்பனைக்கு அனுப்புவது வழக்கம். அன்று ஓர் ஒப்பந்தக்காரரின் லாரி அதை ஏற்றிக்கொண்டு மலையிறங்கியது. கலங்களிலிருந்து கசிந்த பாதரசம், ஏறத்தாழ 151 கிலோ, 40 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலையில் சிந்திக்கொண்டே போனது. வழியில் இருந்த ஊர்களில் ஒன்று சோரோபம்பா. வெள்ளி போல் மின்னி உருண்டோடும் அந்தத் திரவம் என்னவென்று அவ்வூராருக்குத் தெரியாது. விலையுயர்ந்த பொருள் என்று எண்ணிக் கையால் அள்ளினார்கள். வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். குழந்தைகள் அதை வைத்து விளையாடினார்கள். பின்னர் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர்.

இதைத் தொடர்ந்து ஊரார் பலரும் தனித்தனியே இழப்பீட்டு ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டனர். தொகையைப் பெற்றுக்கொண்டோம், இனி வழக்குத் தொடர மாட்டோம் என்பது அவற்றின் சாரம். 2002இல் எர்னஸ்தோ கபெயோஸும் ஸ்டெஃபனி பாய்டும் இயக்கி வெளிவந்த ஆவணப்படம் அவ்வூரின் போராட்டத்தைப் பின்தொடர்கிறது. அதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் மனத்தில் எழுவது இரு கையொப்பங்களுக்கு இடையிலான தூரம்தான். ஒன்று வாஷிங்டனில், வழக்கறிஞர் படை சூழ, எல்லா ஆபத்துகளையும் கணக்கிட்டபின் இடப்பட்டது. மற்றது நோயின் அச்சத்தில், எதற்கு ஒப்புகிறோம் என்பது முழுதும் விளங்காமல் இடப்பட்டது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றே.

பெருவின் நாவலாசிரியர் மனுவேல் ஸ்கோர்ஸா 1970இல் வெளியிட்ட தம் நாவல் ஒன்றில், செர்ரோ தெ பாஸ்கோ என்ற அமெரிக்கச் சுரங்க நிறுவனம் ராங்காஸ் என்ற ஊரின் மேய்ச்சல் நிலத்தை வேலியிட்டு வளைத்ததைக் கதையாக்கினார். வேலியைப் பார்க்க முடியும். வெட்ட முடியும். வெட்டப் போனவர்கள் சாகவும் முடியும். இன்றைய வேலிகளோ கடன் ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கைகளில் இருக்கின்றன. அவற்றை எழுதக்கூடிய நாவலாசிரியர் இன்னும் வரவில்லை என்றே தோன்றுகிறது.

*

இங்கே ஒரு சொல்லின் கதையைச் சொல்ல வேண்டும். சொற்களின் மீது அக்கறை கொண்ட வாசகர்களுக்கு, புள்ளிவிவரங்களை விட இது அதிகம் சொல்லக்கூடும்.

2000ஆம் ஆண்டில் உலக வங்கியின் தலைவராக இருந்த ஜேம்ஸ் வுல்ஃபென்சன், எண்ணெய், எரிவாயு, சுரங்கத் தொழில்களில் வங்கி ஈடுபடுவது சரியா என்று ஆராய ஒரு மீளாய்வை அறிவித்தார். இந்தோனேஷியாவின் முன்னாள் சுற்றுச்சூழல் அமைச்சர் எமில் சாலிம் அதற்குத் தலைமை ஏற்றார். 2003 டிசம்பரில் அவர் அறிக்கை முடிந்தது. இத்தொழில்களால் வறியவர்க்கு நன்மை விளைய வேண்டுமானால் சில நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்றது. நிலக்கரிக்கு நிதியளிப்பதை உடனே நிறுத்தவும், எண்ணெய்க்கு அளிப்பதை 2008க்குள் முடித்துக்கொள்ளவும் பரிந்துரைத்தது. அனைத்திலும் முக்கியமாக, பாதிக்கப்படும் பழங்குடியினரும் உள்ளூர் மக்களும் சுதந்திரமாக, முன்கூட்டியே, விவரமறிந்து தரும் சம்மதம் இன்றி எந்தத் திட்டமும் கூடாது என்றது.

2004 ஆகஸ்டில் வங்கியின் பதில் வந்தது. சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த என்ற மூன்று அடைமொழிகளையும் வங்கி ஏற்றுக்கொண்டது. நான்காவது சொல்லை மட்டும் மாற்றியது. 'சம்மதம்' போய் 'கலந்தாலோசனை' வந்தது. ஆங்கிலத்தில் 'கன்சென்ட்', 'கன்சல்டேஷன்' இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே. ஆகவே எஃப்.பி.ஐ.சி. என்ற சுருக்கம் மாறாமல் அப்படியே நின்றது. கலந்தாலோசனையின் முடிவில் சமூகத்தின் 'பரந்த ஆதரவு' இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆதரவு இருக்கிறதா என்று தீர்மானிப்பவர் யார்? வங்கியேதான்.

பெண் வீட்டாரோடு நாங்கள் நன்றாகக் கலந்து பேசினோம், ஆகவே திருமணம் நிச்சயமாகிவிட்டது என்று பிள்ளை வீட்டார் அறிவித்தால் எப்படி இருக்கும்? சம்மதம் என்றால் மறுக்கும் உரிமை அதற்குள் இருக்கிறது. கலந்தாலோசனையில் பேசும் உரிமை மட்டுமே இருக்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க அகராதி தேவையில்லை.

வங்கி அந்தச் சொல்லை மாற்றிய அடுத்த மாதமே கஹமார்கா தன் விளக்கத்தைத் தந்தது. நகரத்தின் குடிநீருக்கு ஊற்றுக்கண் என்று மக்கள் கருதும் கிலிஷ் மலையில் பொன் தேட யனகோச்சா முனைந்தது. அம்மலையைப் பாதுகாக்கப்பட்ட இடமாக 2000ஆம் ஆண்டிலேயே உள்ளூர் நிர்வாகம் அறிவித்திருந்தது. ஆய்வுகளுக்கு உட்பட்டுப் பணியைத் தொடரலாம் என்று பின்னர் நீதிமன்றம் இடமளித்தது. காகிதங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. 2004 செப்டம்பரில் ஆயிரக்கணக்கானோர் சாலைகளை அடைத்து ஏறத்தாழ இரண்டு வாரங்கள் உட்கார்ந்தார்கள். நவம்பரில் நிறுவனம் அந்த அனுமதியைத் தானே விட்டுக்கொடுத்தது. கலந்தாலோசனைக்கு எத்தனையோ கூட்டங்கள் போதுமானவையாக இருந்திருக்கலாம். சம்மதம் அங்கே இல்லை.

பாடம் கற்கப்படவில்லை. யனகோச்சா நிறுவனத்தின் அடுத்த திட்டமான கோங்காவின் மதிப்பு 480 கோடி டாலர். நான்கு மலை ஏரிகளின் இடத்தைச் சுரங்கக் குழிகளும் கழிவுப் பாறையும் எடுத்துக்கொள்ளும். ஈடாக நீர்த்தேக்கங்கள் கட்டித் தரப்படும் என்றார்கள். 2011 நவம்பரில் போராட்டம் வெடித்தது. 2012 ஜூலையில் செலெந்தினிலும் பம்பமார்காவிலும் ஐந்து பேர் உயிரிழந்தனர். திட்டம் நிறுத்தப்பட்டது. 2016இல் நியூமாண்ட் தன் பொன் இருப்புக் கணக்கிலிருந்தே கோங்காவை நீக்கியது. இத்தனை காலமும் அந்த 5 சதவீதம் கழகத்திடம்தான் இருந்தது.

2012இல் சர்வதேச நிதிக் கழகம் தன் செயல்தர விதிகளைத் திருத்தி, 'சம்மதம்' என்ற சொல்லை மீண்டும் ஏற்றுக்கொண்டது. எமில் சாலிம் எழுதிய சொல் எட்டு ஆண்டு கழித்து வீடு திரும்பியது. ஆயினும் அது பழங்குடி மக்களுக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட சில சூழல்களில் மட்டும். கஹமார்காவின் குடியானவர்களில் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசுபவர்கள். பழங்குடி என்ற அரசாங்க வரையறைக்குள் எளிதில் அடங்காதவர்கள். அந்தச் சொல் திரும்பி வந்த வீட்டில் அவர்களுக்கு இடமில்லை.

*

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இக்கட்டுரையை எழுதும் கணினியிலும் வீட்டு மின்கம்பியிலும் செம்பு இருக்கிறது. எங்கோ ஒரு மலை உடைபட்டிருக்கிறது. நிலக்கரியை விட்டு விலக வேண்டுமானால் செம்பும் லித்தியமும் இன்னும் அதிகம் வேண்டும். சுரங்கமே வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை.

மேலும், வளர்ச்சி வங்கி இருக்கும் சுரங்கத்தில் தட்டுவதற்கு ஒரு கதவாவது இருக்கிறது. 1999இல் கழகத்துக்கென ஒரு குறைதீர்ப்பாளர் அலுவலகம் அமைக்கப்பட்டது. சோரோபம்பா விபத்துக்குப் பின் தனிக்குழு அனுப்பி ஆராய்ந்ததும், கஹமார்காவில் சில ஆண்டுகள் பேச்சுவார்த்தை மேடை நடத்தியதும் அந்த அலுவலகமே. மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் உள்ள ஓயு தோல்கோய் செம்புச் சுரங்கத்தை இன்னும் நல்ல சான்றாகக் காட்டலாம். சுரங்கத்துக்காக உந்தாய் ஆறு திசைதிருப்பப்பட்டதையும் மேய்ச்சல் நிலங்கள் சுருங்கியதையும் எதிர்த்து 2012, 2013ஆம் ஆண்டுகளில் அங்குள்ள மேய்ப்பர்கள் முறையிட்டார்கள். 2015 டிசம்பரில் அச்சுரங்கத்துக்கு 440 கோடி டாலர் நிதி ஏற்பாடு கையொப்பமானது. சர்வதேச நிதிக் கழகம், ஐரோப்பிய மறுசீரமைப்பு மற்றும் வளர்ச்சி வங்கி, ஏற்றுமதிக் கடன் முகமைகள், பல வணிக வங்கிகள் என அனைவரும் அதில் இருந்தனர். முறையீட்டின் வழியே மேய்ப்பர்கள், நிறுவனம், உள்ளூர் அரசு மூவரும் பேசி 2017இல் உடன்பாடு கண்டனர். ஆறு பழையபடி ஓடவில்லை. எனினும் மேய்ப்பர்கள் மேசையின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வணிக வங்கி மட்டும் நிதியளித்த சுரங்கத்தில் அதற்கும் வழி அரிது.

2003இல் பத்து வணிக வங்கிகள் சேர்ந்து உருவாக்கிய ஈக்வேட்டர் கொள்கைகளும் இக்கழகத்தின் விதிகளை அடிப்படையாகக் கொண்டவையே. ஆகவே வளர்ச்சி வங்கிகள் சுரங்கங்களை விட்டு வெளியேற வேண்டும் என்று கேட்பது போதாது. சில நேரம் அது தீங்காகவும் முடியும். யனகோச்சாவின் இறுதி அத்தியாயம் இதைத்தான் காட்டுகிறது.

2017 டிசம்பரில் சர்வதேச நிதிக் கழகம் யனகோச்சாவிலிருந்து விலகியது. அதன் 5 சதவீதப் பங்கை 4.8 கோடி டாலருக்குச் சுரங்க நிறுவனமே திரும்ப வாங்கிக்கொண்டது. மக்கள் தட்டிய கதவும் பங்கோடு சேர்ந்து போயிற்று. 2021ஆம் ஆண்டுக் கணக்கில், யனகோச்சாவை மூடும்போது ஆக வேண்டிய சீரமைப்புக்காக, முக்கியமாக நீர்ச் சுத்திகரிப்புக்காக, சுமார் 160 கோடி டாலர் கூடுதல் செலவை நியூமாண்ட் பதிவு செய்தது. உடைத்துப் போட்ட பாறையில் மழையும் காற்றும் படும்போது அமில நீர் ஊறும். பொன் தீர்ந்தபின்னும் அது நிற்பதில்லை. தலைமுறைகளுக்குச் சுத்திகரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு சிறு பெருக்கல் கணக்கு. 160 கோடியில் 5 சதவீதம் 8 கோடி. கழகம் பெற்றுச் சென்றது 4.8 கோடி. பங்குதாரரின் கடப்பாடு சட்டப்படி அப்படிப் பகிரப்படுவதில்லை என்பதை அறிவேன். 2022இல் சுரங்கத்தின் ஒரே உரிமையாளராகிவிட்ட நியூமாண்ட்தான் அச்செலவைச் சுமக்கிறது. நான் சொல்வது அறக்கணக்கு. நாடு ஆபத்தில் இருந்தபோது நுழைந்து தன் பெயரால் பிறரின் பணத்தைக் காத்த நிறுவனம், நீர் ஆபத்தில் இருக்கும்போது வெளியேறிவிட்டது.

வழக்குப் போடலாமே என்று கேட்கலாம். இதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு விடை உண்டு. குஜராத்தின் முந்த்ராவில் அமைந்த நிலக்கரி மின்நிலையத்துக்கு 2008இல் கழகம் 45 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட மீனவர்களும் உழவர்களும் அமெரிக்க நீதிமன்றத்தில் கழகத்தின் மீது வழக்குத் தொடர்ந்தனர். சர்வதேச நிறுவனங்களுக்கு முழுமையான சட்ட விலக்கு கிடையாது என்று 2019 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வரலாற்றுச் சிறப்புடைய தீர்ப்புதான். ஆனால் கீழ் நீதிமன்றங்கள், தவறு நிகழ்ந்த இடம் அமெரிக்கா அன்று என்ற காரணத்தால் வழக்கை மீண்டும் தள்ளின. 2022இல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கேட்க மறுத்தது. கதவு இருப்பதாக அறிவித்தார்கள்; அதன் வழியே நுழைய முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டு. சம்மதம் என்று எழுதினால் மறுக்கும் உரிமையும் அதில் இருக்கட்டும். அது பழங்குடிப் பட்டியலில் இருப்பவருக்கு மட்டுமன்றி, அந்த நீரைக் குடிக்கும் எல்லோருக்கும் இருக்கட்டும். இரண்டாவது, கையொப்பத்தின் ஆயுள் கடனின் ஆயுளோடு முடியக் கூடாது. பங்கை விற்றபின்னும், தவணை தீர்ந்தபின்னும், மலையிலிருந்து கெட்ட நீர் வடியும் வரை அந்த முறையீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும். வெளியேறும் நாளிலேயே அதற்கான தொகையை ஒதுக்கிவிட்டுப் போகலாம். ஆபத்தைக் கணக்கிடுவதில் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்குக் கடினமானதன்று.

இது எங்கோ ஒரு மலையின் பிரச்சினை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. சர்வதேச நிதிக் கழகம் உறுப்பு நாடுகளின் பங்கு முதலால் ஆனது. தொடக்கக் காலம் முதல் இந்தியா அதன் பங்குதாரர். கஹமார்கா மலையில் இருந்த அந்த ஐந்து சதவீதத்தில் ஒரு துளி, 1993 முதல் 2017 வரை, நம் பெயரிலும் இருந்தது.

பெருவின் மிக வறிய மாநிலங்களின் வரிசையில் கஹமார்கா இன்றும் நிற்கிறது. அந்தக் கல் அறையைப் பார்க்க இன்றும் பயணிகள் வருகிறார்கள். பொன் எவ்வளவு உயரத்துக்கு நிரம்ப வேண்டும் என்று அதன் சுவரில் ஒரு கோடு காட்டப்படுகிறது. கரிய ஏரி இருந்த இடத்தில் அப்படி ஒரு கோடு கூட இல்லை.